வழி சொல்லும் ஆங்கிலம்

(சங்கத்தின் வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரை)





நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நாளில், மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கும் எங்களையும் பேசுமாறு பணித்திருக்கின்றனர். கல்வியின் மேன்மை குறித்தும், அண்ணல் அம்பேத்கர் காட்டிய நெறி குறித்தும் எமக்கு முன்னே பேசிய பெரியோர் விரிவாக எடுத்துரைத்தார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சாலை, பாதை, திருப்பம் ஆகியவற்றைச் சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் கூட்டுவினைகளே அப்பொருள். வெள்ளி விழா மேடையில் இலக்கணப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். பாதையைச் சொல்லும் மொழிக்கும் பாதையில் நடக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பை இறுதிவரை கேட்டபின் நீங்களே தீர்ப்பளிக்கலாம்.

கூட்டுவினை என்பது யாது? எளிய வினைச்சொல் ஒன்றும், அதன் பின்னே வரும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவது கூட்டுவினை. 'டர்ன்' என்றால் திரும்பு. 'டர்ன் ஆஃப்' என்றால் பெருஞ்சாலையை விட்டு விலகிக் கிளைச்சாலையில் செல். 'டர்ன் இன்டு' என்றால் ஒரு தெருவுக்குள் திரும்பு. 'டர்ன் பேக்' என்றால் வந்த வழியே திரும்பிப் போ. இவ்வளவும் திசை பற்றியவை. இனி, 'டர்ன் அப்' என்றால் வந்து சேர். 'டர்ன் டௌன்' என்றால் மறுத்துவிடு. 'டர்ன் அவே' என்றால் வாயிலுக்கு வந்தவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பு. வினை ஒன்றே. பின்னால் நிற்கும் சின்னஞ்சிறு சொல்தான் பொருளை ஆள்கிறது.

இது நம் மாணவர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடு என எண்ண வேண்டா. 1755ஆம் ஆண்டு தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இத்தகைய சொற்சேர்க்கைகளே அயல்மொழியார்க்குப் பெருந்தொல்லை தருபவை என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். இவற்றுக்கு இன்று வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயர் 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியே பரவியது. ஆக, ஆங்கிலேயரே நெடுங்காலம் பெயரிடாமல் பேசிவந்த பகுதி இது.

தமிழ் மாணவர்க்கு இது ஏன் கடினமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் மொழியில் திசை, வினைச்சொல்லின் உள்ளேயே குடியிருக்கிறது. ஏறு, இறங்கு, நுழை, கட, சுற்று, விலகு என்று ஒவ்வொன்றும் தனிச்சொல். மேலும் விளக்க வேண்டுமானால் வினையெச்சத்தை முன்னே வைத்து, 'சுற்றிப் போ', 'கடந்து வா', 'விலகிச் செல்' என்கிறோம். நாம் திசையை முன்னே சொல்லி, செலவைப் பின்னே சொல்கிறோம். ஆங்கிலம் செலவை முன்னே சொல்லி, திசையைப் பின்னே சொல்கிறது. 'கோ ரவுண்ட்' என்றால் சுற்றிப் போ. 'கோ அக்ராஸ்' என்றால் குறுக்கே கடந்து போ. 'கோ பாஸ்ட்' என்றால் நிற்காமல் தாண்டிப் போ. 'கோ த்ரூ' என்றால் ஊடே புகுந்து போ. இந்த வரிசை மாற்றத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிச் சுமை குறைந்துவிடும்.

புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் கற்ற நம் பிள்ளைகள், பேருந்திலிருந்து இறங்கியதைச் சொல்லும்போது 'டிசெண்ட்' என்ற கனத்த சொல்லைத் தேடுகிறார்கள்; அல்லது தமிழை அப்படியே பெயர்த்து 'கெட் டௌன்' என்கிறார்கள். நம் நாட்டில் இது எல்லார்க்கும் விளங்கும். ஆனால் ஆங்கிலேயர் வழக்கில் பேருந்திலும் தொடர்வண்டியிலும் ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. காரில் ஏறுவது 'கெட் இன்', இறங்குவது 'கெட் அவுட்'. நின்று நடக்க இடமுள்ள ஊர்திக்கு ஒரு வழக்கு, உட்கார மட்டுமே இடமுள்ள ஊர்திக்கு வேறொரு வழக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அன்பு மாணவர்களே, இச்சொற்களைக் கற்க லண்டன் நகரத் தெருப்படம் வேண்டியதில்லை. காவிரியே நமக்கு நல்ல ஆசான். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும், 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. தஞ்சை நகரின் ஊடே ஓடும் அக்கால்வாயை நம் மக்கள் இன்றும் புது ஆறு என்றே அழைக்கிறார்கள். 'பிராஞ்ச் ஆஃப்' என்றால் கிளையாகப் பிரிந்து செல்லுதல். வெண்ணாறு காவிரியிலிருந்து கல்லணையில் 'பிராஞ்சஸ் ஆஃப்'. பாசனப் பொறியாளர்கள் கால்வாய் பிரிவதை 'டேக்ஸ் ஆஃப்' என்று எழுதுவார்கள். விமானம் தரையை விட்டு எழுவதற்கும் அதே சொல்தான். இடம் அறிந்து பொருள் கொள்ள வேண்டும்.

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்று நீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. ஒன்று பலவாகப் பிரிவதற்கு 'ஸ்பிளிட் அப்' என்பது ஏற்ற சொல். ஆற்றங்கரையோடு ஒட்டிச் செல்லும் வண்டிப்பாதையை 'ரன்ஸ் அலாங்' என்கிறோம். வயல்களின் குறுக்கே வெட்டிச் செல்லும் வரப்பு 'கட்ஸ் அக்ராஸ்'. வளைந்து நெளிந்து செல்லும் வாய்க்கால் 'வைண்ட்ஸ் த்ரூ'. கடைமடைக்குப் போகப்போகத் தேய்ந்து மறையும் பாதை 'பீட்டர்ஸ் அவுட்'. தலைமடை முதல் கடைமடை வரை இப்படியே ஒரு பாடநூல் எழுதிவிடலாம்.

இனிச் சாலைக்கு வருவோம். தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். புறப்படுதல் 'செட் ஆஃப்'. ஓரிடத்தை நோக்கிச் செல்லுதல் 'ஹெட் ஃபார்'. நாகை நோக்கிக் கிழக்கே செல்கிறோம். சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி ஆகிய ஊர்களைத் தாண்டிச் செல்கிறோம்; அது 'கோ பாஸ்ட்'. நீடாமங்கலத்தில் மன்னார்குடிக்குச் செல்வோர் தெற்கே திரும்புவர். அது 'டர்ன் ஆஃப்'. திரும்பாமல் நேரே செல்வோர்க்கு 'கோ ஸ்ட்ரெய்ட் ஆன்' அல்லது 'கேரி ஆன்'. தொடர்வண்டிப் பாதையும் அங்கேயே மன்னார்குடிக்குக் கிளை பிரிகிறது. இடையில் தண்டவாளம் எடுக்கப்பட்டு, 2011இல் அக்கிளை மீண்டும் உயிர் பெற்றதைப் பெரியோர் அறிவர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நெடுநேரம் காத்து நின்றவர் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அப்படித் தடைப்பட்டு நிற்பதை 'ஹெல்ட் அப்' என்பார்கள்.

திருவாரூரைக் கடந்து கீழ்வேளூரை அடைகிறோம். அங்கே பெருஞ்சாலையை விட்டு விலகித் தேவூர் வழியாகச் சென்றால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழைக்கும் மக்களில் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக, குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட ஊர் அது. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே அஞ்சலி செலுத்த மக்கள் கூடுகின்றனர். வெளிமாநிலத்தாரும் அயல்நாட்டு ஆய்வாளரும் வழி கேட்டு வருகின்றனர். அவர்களுக்கு வழி சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 'டர்ன் ஆஃப் அட் கீழ்வேளூர், கோ த்ரூ தேவூர், அண்ட் கீப் ஆன்' என்று தயங்காமல் சொல்லும் மாணவி, வழியோடு வரலாற்றையும் சேர்த்துச் சொல்வாள்.

கஜா புயலையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே அது கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பல ஊர்கள் தொடர்பற்றுத் தனித்து நின்றன. அந்நிலைக்குக் 'கட் ஆஃப்' என்று பெயர். உதவி கேட்டு வெளியுலகுக்கு எழுதும்போது, எந்த ஊர் எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது, எந்தச் சுற்றுவழியில் வர இயலும் என்று இரண்டு வரியில் தெளிவாக எழுத வல்லவர் ஊருக்கு ஒருவராவது இருந்தால், உதவி வழி தவறாமல் வந்து சேரும்.

இங்கே இரண்டு விதிகளை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, இடம் பற்றியது. ஒருவரை ஊர்தியில் ஏற்றிக்கொள்வது 'பிக் அப்', இறக்கிவிடுவது 'டிராப் ஆஃப்'. இவற்றில் அவன், அவள், எங்களை என்னும் மூவிடப்பெயர்கள் நடுவிலேதான் வர வேண்டும். 'பிக் ஹிம் அப்' என்பது சரி. 'பிக் அப் ஹிம்' என்பது பிழை. ஆளின் பெயரைச் சொன்னால் நடுவிலும் வைக்கலாம், இறுதியிலும் வைக்கலாம். இரண்டாவது, ஓசை பற்றியது. 'டர்ன் ஆஃப்', 'கோ ஆன்' போன்றவற்றில் பின்னே வரும் சிறு சொல்லின் மேல் அழுத்தம் விழும். நாம் தமிழோசைப்படி முதற்சொல்லை அழுத்தி, பின்சொல்லை விழுங்கிவிடுகிறோம். கேட்பவர்க்கு நாம் திரும்பச் சொன்னோமா, விலகச் சொன்னோமா என்றே விளங்காமல் போகிறது.

பெரியோர்களே, இதுவரை வகுப்பறைப் பாடம். இனி, இப்பாடத்தை ஏன் இம்மேடைக்குக் கொண்டுவந்தோம் என்று சொல்லுகிறோம்.

நம் முன்னோர்க்குச் சாலை என்பது எளிதில் கிட்டியதன்று. தஞ்சைத் தரணியில் ஆற்று நீர் வயல்தோறும் பாய்ந்தது. அந்நீரைப் பாய்ச்சிய கைகளுக்கு உரியவர்கள் அக்கிரகாரத் தெருவிலும் ஊர்த்தெருவிலும் நடக்க முடியாதிருந்தது. சந்தைக்குப் போனாலும், பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சியை அழைக்கப் போனாலும், வரப்பேறி வயலைச் சுற்றியே போக வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால், பிறர்க்கெல்லாம் 'கோ த்ரூ'. நமக்கு மட்டும் 'கோ ரவுண்ட்'. ஒரு சிறு சொல்லின் வேறுபாட்டில் ஒரு சமுதாயத்தின் கால்கள் தேய்ந்தன.

1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொணர்ந்த தீர்மானத்தை நாம் அனைவரும் நினைவில் கொள்ள வேண்டும். பொதுச்சாலை, தெரு, பாதை எதன் வழியாகவும் எந்த வகுப்பினரும் நடந்து செல்லத் தடையில்லை என்பதும், பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவரும் அணுகலாம் என்பதும் அதன் சாரம். அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதே 1924இல்தான் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்கான போராட்டமும் தொடங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. வன்கொடுமைத் தடுப்புக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவிடத்துக்குச் செல்லும் வழக்கமான வழியுரிமையை நம் மக்களுக்கு மறுப்பதைக் குற்றமாக்கியது. 'ரவுண்ட்' என்ற சொல்லை 'த்ரூ' என்று மாற்ற இத்தனை சட்டம் வேண்டியிருந்தது.

சட்டம் வந்த பின்பும் வழக்கு ஓயவில்லை. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல், நடவு முடிந்த வயலின் சேற்றில் இறங்கிப் பிணம் சுமந்து சென்ற குடும்பங்கள் இந்த அவையிலும் உண்டு. பாதைப் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் இருப்பது, நிலத்தில் காணாமற் போவதும் உண்டு. அத்தகைய சிக்கல் வட்டாட்சியர் அலுவலகத்தில் தீர்ந்தால் தமிழிலேயே தீர்ந்துவிடும். தீராமல் உயர் நீதிமன்றம் ஏறினால், தஞ்சை மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகை மாவட்டத்தார் சென்னைக்கும் செல்ல வேண்டும். அங்கே நடவடிக்கை மொழி ஆங்கிலம். நம் பாதையின் கதையை வழக்குரைஞர் ஆங்கிலத்தில் எழுதுவார், கையெழுத்து நம்முடையது.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? பாதை சுடுகாட்டுக்கு 'லீட்ஸ் டு' என்றிருந்தால், அது அங்கே கொண்டு சேர்க்கிறது என்று பொருள். 'ரன்ஸ் பாஸ்ட்' என்றிருந்தால், பக்கமாகக் கடந்து போகிறது என்றே பொருள். 'ஸ்டாப்ஸ் ஷார்ட் ஆஃப்' என்றிருந்தால், எட்டாமல் முன்பே நின்றுவிடுகிறது என்று பொருள். மூன்றும் மூன்று வழக்குகள். வழியுரிமை பற்றிய 1882ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பாதையை வெளிப்படையாகவும் இடையறாமலும் 20 ஆண்டுகள் உரிமையோடு பயன்படுத்தி வந்தவர்க்கு அவ்வழியில் உரிமை உண்டென்கிறது. அப்படி நடந்து வந்தோம் என்று மெய்ப்பிக்கப் பாதையைப் பிழையின்றிச் சொல்ல வேண்டும். நம் தெருவின் கிழக்குக் கோடியில் தொடங்கி, வாய்க்கால் கரையை ஒட்டிச் சென்று, மதகின் மேல் கடந்து, இரண்டு வயல்களின் குறுக்கே போய், சுடுகாட்டை அடைகிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் எவர்? 'ஸ்டார்ட்ஸ் ஃப்ரம்', 'ரன்ஸ் அலாங்', 'கோஸ் ஓவர்', 'கட்ஸ் அக்ராஸ்', 'லீட்ஸ் டு' என்னும் ஐந்து தொடர்கள் போதும். அந்த ஐந்தையும் படித்துப் பொருள் உணரும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், தந்தை கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைக்க வேண்டியதில்லை. எழுதியது தவறாயின், "ஐயா, இந்தச் சொல்லை மாற்றுங்கள்" என்று வழக்குரைஞரிடம் பணிவோடும் உறுதியோடும் கேட்கலாம்.

ஆங்கிலம் உயர்ந்தோர் மொழி என்றோ, தமிழ் போதாது என்றோ நாங்கள் சொல்லவில்லை. நம் வழக்கு தமிழிலேயே கேட்கப்படும் நாள் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். அந்நாள் வரும்வரை, நம் பாதையை வேறொருவர் மொழியில் வேறொருவர் மட்டுமே சொல்லும் நிலை நீடிக்கலாகாது. இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அண்ணல் அம்பேத்கரும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் நிலையை ஆங்கிலத்திலேயே எடுத்துரைத்தார்கள். மொழிபெயர்ப்பாளரை நம்பி அவர்கள் நிற்கவில்லை.

இன்று நம் பிள்ளைகளில் பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர், ஓட்டுநராகவும் பணிபுரிகின்றனர். சாலைப்பலகையில் 'கிவ் வே' என்று கண்டால் மற்ற வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். மேலாளர் 'புல் ஓவர்' என்றால் ஓரமாக நிறுத்த வேண்டும். 'ஸ்லோ டௌன்' என்றால் வேகம் குறைக்க வேண்டும். ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டால் அங்கே உயிருக்கும் வேலைக்கும் கேடு நேரும். ஆகவே இது வயிற்றுப்பாட்டுக் கல்வியும் ஆகும்.

இந்த விழாவையொட்டி நான்கு செயல்களை நாங்கள் வேண்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலிருந்து பள்ளிக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும், சுடுகாட்டுக்கும் செல்லும் வழியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கட்டும். எழுதியதை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டி, வழி சரிதானா என்று கேட்கட்டும். சொல்லை நாம் அறிவோம், நிலத்தை அவர்கள் அறிவார்கள். வாரம் ஒருநாள் ஒருவர் வழி கேட்க, மற்றொருவர் வழி சொல்ல, வாய்விட்டுப் பழகுவோம். ஊர்தோறும் எழுதிய வழிக்குறிப்புகளைத் தொகுத்து நம் சங்க நூலகத்தில் வைப்போம். பின்னொரு நாள் ஒரு பாதைக்கு வழக்கு வருமானால், நம் பிள்ளைகள் எழுதிய அத்தொகுப்பு நமக்குத் துணை நிற்கும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியவர்கள், நம் தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியைத் திறந்தார்கள். அவ்வழியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தம் வாயால் சொல்லவல்ல தலைமுறையை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் உருவாக்குவது நம் கடமை. அதற்கு மாலை வகுப்பின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கிறது. வாருங்கள், பிள்ளைகளை அனுப்புங்கள்.